ஹாலுக்கு எந்த விளக்கு? டியூப்லைட், ஃபால்ஸ் சீலிங், தொங்கு விளக்கு, ஸ்டாண்டு விளக்கு: ஓர் ஒப்பீடு

பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியன் சாக்பீஸும் கையுமாக வந்து நிற்பார். "லைட் பாயிண்ட் எங்கெங்க வேணும், இப்பவே சொல்லிடுங்க சார்." சோபா எந்தச் சுவரை ஒட்டி வரும் என்றே முடிவாகாத நேரம் அது. அவசரத்தில் சொல்லும் பதில் சுவருக்குள் பைப்பாகப் பதிந்துவிடும். பிறகு மாற்றுவதென்றால் காடி வெட்டி, பூசி, பெயிண்ட் அடிக்க வேண்டும்.

வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: டியூப்லைட் பட்டியே போதுமா, ஃபால்ஸ் சீலிங் போட்டு, கூரைக்குள் பதியும் டவுன்லைட்டும் விளிம்பில் மறைந்து எரியும் எல்.இ.டி பட்டையான கோவ் ஸ்ட்ரிப்பும் வைப்பதா, அழகான தொங்கு விளக்கு ஒன்று மாட்டுவதா, இல்லை ஸ்டாண்டு விளக்கும் மேஜை விளக்குமாக வைத்துக்கொள்வதா? நான்கையும் ஒரே ஹாலில் பொருத்திப் பார்ப்போம். 12-க்கு 15 அடி, ஒன்பதரை அடி உயரம், நடுவில் 48 அங்குல ஃபேன். அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் இதை ஒட்டிய அளவுதான் வருகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

வெளிச்சத்தின் அளவு. கடையில் வாட்டைக் கேட்டு வாங்குகிறோம். கேட்க வேண்டியது லூமென், அதாவது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு. ஹாலில் சாதாரணமாகப் புழங்க 100 முதல் 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) போதும். படிக்கவும் தைக்கவும் அந்த இடத்தில் மட்டும் 300 வேண்டும். நம் ஹால் 180 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 17 சதுர மீட்டர். விளக்கிலிருந்து கிளம்பும் ஒளியில் பாதியைச் சுவரும் கூரையும் விழுங்கிவிடும் என்று கணக்கு வைத்தால், மொத்தம் 3,500 முதல் 5,000 லூமென் வரை தேவை. சுவரில் அடர்நிறப் பெயிண்ட் இருந்தால் இதற்கும் மேல்.

ஒளியின் நிறம். பெட்டியில் கெல்வின் என்று போட்டிருக்கும். 6,500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊரில் பெரும்பாலான டியூப்லைட் இதுதான். 4,000 நடுநிலை. 3,000-மும் 2,700-ம் மஞ்சள் சாயல். எண்ணெய்த் திரியின் சுடர் 1,900 கெல்வினை ஒட்டியது. அதனால்தான் 6,500 டியூப்லைட்டின் கீழே ஏற்றி வைத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, எவ்வளவு துலக்கி வைத்தாலும் சோபை இழந்து நிற்கிறது. ஒரே நேரத்தில் எரியும் விளக்குகளில் 6,500-ஐயும் 3,000-ஐயும் கலக்காதீர்கள். சுவர் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும்.

நிறம் காட்டும் தன்மை. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. ஆனால் வீட்டை அழகாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். வெள்ளை எல்.இ.டி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் சிவப்புப் பகுதி இயல்பாகவே குறைவு. அரக்குப் பட்டு, குங்குமம், தேக்கு மரம், சிவப்புத் தரை எல்லாம் மலிவான எல்.இ.டி-யின் கீழே பழுப்படித்துப் போவது இதனால்தான். இந்தத் தன்மையைச் சொல்லும் எண்தான் சி.ஆர்.ஐ. அது 80 என்று போட்டிருந்தாலும் முழுதாக நம்ப முடியாது. அந்த எண் 8 வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை, ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். சி.ஆர்.ஐ 90-க்கு மேல் உள்ளதைக் கேளுங்கள். விலை கூடும், ஆனால் வீடு முழுக்க வேண்டாம், ஹாலுக்கு மட்டும் போதும்.

கண்கூச்சம். உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் பல்பு நேராகக் கண்ணில் படுகிறதா?

ஃபேன். வெளிநாட்டு அலங்காரப் படங்களில் இந்தச் சிக்கலே இருக்காது. நம் ஹாலில் அறையின் நடுப்புள்ளி ஃபேனுக்குச் சொந்தம்.

பழுது. பல்பை மட்டும் மாற்றலாமா, மொத்த விளக்கையும் தூக்கிப் போட வேண்டுமா? ஸ்டூல் போட்டு நாமே மாற்றலாமா, ஆள் கூப்பிட வேண்டுமா?

## ஒரு பார்வையில்

| | டியூப்லைட் பட்டி | ஃபால்ஸ் சீலிங், டவுன்லைட், கோவ் ஸ்ட்ரிப் | தொங்கு விளக்கு | ஸ்டாண்டு, மேஜை விளக்கு |
|---|---|---|---|---|
| நம் ஹாலுக்கு எவ்வளவு | 20 வாட் இரண்டு | 8 வாட் டவுன்லைட் ஆறு, ஸ்ட்ரிப் ஏறக்குறைய 12 மீட்டர் | ஒன்று, சாப்பாட்டு மேஜைக்கு மேல் | மூன்று, 9 வாட் பல்பு |
| மொத்த வாட் | 40 | ஏறக்குறைய 105 | 10 முதல் 25 | 27 |
| தினம் 5 மணி நேரம், இரண்டு மாத யூனிட் | 12 | 31 | 3 முதல் 8 | 8 |
| தனியாக ஹாலுக்குப் போதுமா | போதும் | போதும் | போதாது | போதாது |
| கண்கூச்சம் | உண்டு | டவுன்லைட் தேர்வைப் பொறுத்தது | பல்பு வெளியே தெரிந்தால் அதிகம் | மிகக் குறைவு |
| பழுதானால் | பட்டியையே மாற்றலாம் | ஆள் வேண்டும் | பல்பு மாற்றலாம் | பல்பு மாற்றலாம் |
| வாடகை வீட்டுக்கு | ஆகும் | ஆகாது | கொக்கி இருந்தால் ஆகும் | மிகப் பொருத்தம் |

யூனிட் வித்தியாசத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஏ.சி ஓடும் வீட்டில் அது கண்ணில் படாது. இலவச யூனிட் வரம்பை ஒட்டியே மின்செலவு இருக்கும் சிறு குடும்பத்துக்குத்தான் அந்த 19 யூனிட் பொருட்டு.

## 1. டியூப்லைட் பட்டி

அலங்காரப் பிரியர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் பெருக்கித் துடைக்க, பிள்ளைகள் தரையில் நோட்டு விரித்துப் படிக்க, பத்து உறவினர் வந்து உட்கார, இதற்கு நிகரான விளக்கு கிடையாது. நீளமான விளக்கு என்பதால் நிழல் கூர்மையாக விழாது. 4 அடி, 20 வாட் பட்டி ஒன்று ஏறக்குறைய 2,000 லூமென் தரும். இரண்டு போட்டால் நம் ஹாலின் கணக்கு முடிந்தது.

முகம் சுளிக்க வைப்பது டியூப்லைட் அல்ல, 6,500 கெல்வின். அதே பட்டி 4,000-லும் 3,000-லும் கிடைக்கிறது. பக்கத்துக் கடையில் இல்லையென்றால் சொல்லி வைத்து வாங்க வேண்டும். ஹாலுக்கு 4,000 என் தேர்வு.

மாட்டும் இடத்திலும் தவறு நடக்கிறது. டி.வி-க்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் திரையில் வெள்ளைக் கோடு பிரதிபலிக்கும். டி.வி-க்கு மேலேயே மாட்டினால் படம் பார்க்கும் நேரமெல்லாம் விளக்கையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கவாட்டுச் சுவர்கள்தான் சரி.

பழைய சோக் வைத்த பட்டிக்குள் எல்.இ.டி குழாயைச் சொருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சில குழாய்களுக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும், சிலவற்றுக்கு இரு முனையிலும். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றாமல் மாட்டினால் எரியாது, இல்லை சீக்கிரம் போய்விடும். பட்டியோடு சேர்த்தே மாற்றுவது நல்லது. இரண்டு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், பத்து நிமிட வேலை.

## 2. ஃபால்ஸ் சீலிங், டவுன்லைட், கோவ் ஸ்ட்ரிப்

அதிகம் பேர் ஆசைப்படுவதும், பிறகு அதிகம் பேர் புலம்புவதும் இதைப் பற்றித்தான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒன்பதரை அடி உயரத்தில் அறை முழுக்கக் கூரையை இறக்கக் கூடாது. ஃபேன் கொக்கி மறையும், ராடு நீளமாக வேண்டும், இறக்கை தலைக்குப் பக்கத்தில் வரும். சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்கு மட்டும் ஜிப்சம் பட்டை இறக்கி, நடுப்பகுதியைத் தளமாகவே விடுவதுதான் முறை. நம் ஹாலில் அந்தப் பட்டை 92 சதுர அடி வரும். உள்விளிம்பு 38 அடி. பொருளும் கூலியுமாகச் சதுர அடிக்கு 100 ரூபாயை ஒட்டிக் கேட்பார்கள். ஊருக்கு ஊர் மாறும். அந்த விலையில் பெரும்பாலும் சேராதவை: பெயிண்ட், கோவ் விளிம்புக்கு ஓடும் அடிக் கணக்கில் கூலி, ஒவ்வொரு டவுன்லைட்டுக்கும் ஓட்டை போடும் கூலி, ஒயரிங். கொட்டேஷன் வாங்கும்போது இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள்.

*டவுன்லைட் எங்கே?* ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து 2 அடிவரை சுற்றுகிறது. கூரையிலிருந்து ஒரு அடி கீழே இருக்கிறது. அகலமாகப் பரப்பும் டவுன்லைட்டின் ஒளி அந்த ஒரு அடி இறக்கத்துக்குள் பக்கவாட்டில் ஒன்றரை அடி விரியும். ஆக ஃபேன் மையத்திலிருந்து மூன்றரை அடிக்குள் விளக்கு இருந்தால், ஓடும் இறக்கை ஒளியை வெட்டி வெட்டி விடும். அறை முழுக்க நிழல் துடிக்கும். சிலருக்குத் தலைவலியே வரும். நம் ஹாலில் நீளச் சுவர்களிலிருந்து ஒரு அடி உள்ளே, பட்டையின் நடுவில் வைத்தால் மையத்திலிருந்து 5 அடி கிடைக்கிறது. வரைபடத்தில் சமச்சீராகத் தெரிய வேண்டுமென்று ஃபேனைச் சுற்றி நான்கு விளக்கு போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தட்டையான பேனல் விளக்கைவிட, ஒளிமூலம் உள்ளே ஆழமாக அமிழ்ந்திருக்கும் சி.ஓ.பி வகை கண்ணுக்கு இதம். ஹாலிலேயே பாய் விரித்துப் படுக்கிற வீடானால் இது இன்னும் முக்கியம். மல்லாந்து படுப்பவருக்கு ஆறு டவுன்லைட்டும் நேர் கண்ணில்.

*கோவ் ஸ்ட்ரிப்.* 38 அடி என்பது ஏறக்குறைய 11.6 மீட்டர். ஸ்ட்ரிப் 5 மீட்டர் சுருளாக வரும். மூன்று சுருள் வாங்க வேண்டும். மீட்டருக்கு 60 எல்.இ.டி உள்ள சாதாரண வகை மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும்: மொத்தம் 56 வாட். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான டிரைவர் அதன் முழு அளவில் ஓடக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வேண்டும். ஆக 70 வாட்டுக்குக் குறையாத 12 வோல்ட் டிரைவர். மூன்று சுருளையும் ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோர்த்தால் கடைசிச் சுருள் மங்கும், 12 வோல்ட்டில் 5 மீட்டரைத் தாண்டினாலே மின்னழுத்தம் இறங்கிவிடும். டிரைவரிலிருந்து ஒவ்வொரு சுருளுக்கும் தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும்.

பட்டையின் விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவே 5, 6 அங்குலமாவது இடைவெளி விட வேண்டும். குறைந்தால் ஒளி பரவாமல் தளத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கும். தளத்துக்குப் பளபளப்புப் பெயிண்ட் அடித்தால் ஒவ்வொரு எல்.இ.டி-யும் புள்ளி புள்ளியாகத் தெரியும். மேட் வெள்ளைதான் அடிக்க வேண்டும். பின்பக்கப் பசையை நம்பி ஒட்டிய ஸ்ட்ரிப் தூசியிலும் வெயிலிலும் விட்டுவிடும். அலுமினியச் சட்டத்துக்குள் வைப்பது நிலைக்கும், சூட்டையும் இறக்கும்.

பெரிய மறைமுகச் செலவு டிரைவர்தான். எல்.இ.டி சில்லு சீக்கிரம் போவதில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர் சூட்டில் வற்றிப்போகிறது. மொட்டை மாடிக்குக் கீழ்வீடு என்றால் சித்திரை வெயிலில் தளத்துக்கும் ஜிப்சத்துக்கும் நடுவே தேங்கும் சூடு அதன் ஆயுளை நன்றாகக் குறைக்கும். டிரைவரை மூடிப் பூசிவிடாமல் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். டவுன்லைட்டுக்கோ இன்னொரு தொல்லை: கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை அளவு மாறும். மூன்று வருடம் கழித்து ஒன்று போனால், அதே மாடல் வராது. புதிது ஓட்டையைவிடச் சிறியதாக இருந்தால் உட்காராது. வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கி, ஓட்டை அளவை மில்லிமீட்டரில் பில்லின் பின்னால் எழுதி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஈசல் வரும். பட்டையின் மேல்தட்டில் விழுந்து குவியும். பேனல் விளக்கின் மூடிக்குள் புகுந்து கரும்புள்ளியாகத் தங்கும். வருடத்துக்கு ஒருமுறை ஏணி போட்டுத் துடைக்க ஆள் இருக்கிறதா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இது யாருக்குச் சரி? பத்தடிக்கு மேல் உயரம் உள்ள சொந்த வீடு, மேல்மாடிக் குளியலறைக் கசிவு இல்லாத கூரை, ஏ.சி பைப்பையோ பீமையோ எப்படியும் மறைக்க வேண்டிய தேவை. இவை இருந்தால் தாராளமாகப் போடலாம்.

## 3. தொங்கு விளக்கு

ஹாலின் நடுவில் ஃபேன் இருப்பதால் தொங்கு விளக்குக்கு அங்கே இடமில்லை. ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டினால் காற்றில் ஆடும், நிழலும் ஆடும். சாப்பாட்டு மேஜைக்கு மேல்தான் இது அழகு. விளக்கின் அடிப்பாகம் மேஜைப் பலகையிலிருந்து 30 முதல் 34 அங்குலம் மேலே இருந்தால் எதிரே இருப்பவர் முகம் மறையாது, பல்பும் கண்ணில் குத்தாது. விளக்கின் அகலம் மேஜை அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள்.

பித்தளை, கண்ணாடிச் சரவிளக்கு என்றால் எடையைக் கேளுங்கள். எதுவானாலும் காங்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும், ஜிப்சம் பலகையில் அல்ல. இறக்குமதி விளக்குகளில் பெரும்பாலும் திருகும் ஹோல்டர். நம் மளிகைக் கடையில் கிடைக்கும் பின் வைத்த பல்பு அதில் உட்காராது. திறந்த சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டினால் தாளிக்கும் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, மேலே தூசி படியும். பல கிளை வைத்த சரவிளக்கைவிட வழவழப்பான ஒற்றைக் கூடு துடைக்க எளிது.

## 4. ஸ்டாண்டு விளக்கும் மேஜை விளக்கும்

அறையை அழகாகக் காட்டுவது இவைதான். கூரையிலிருந்து விழும் ஒளி கண்ணுக்குக் கீழே நிழலை இறக்கி முகத்தைக் களைத்துக் காட்டும். பக்கவாட்டில், உட்கார்ந்த உயரத்தில் இருக்கும் விளக்கு முகத்தையும் சுவரின் பூச்சையும் துணியின் நெசவையும் எடுத்துக் காட்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குச் செலவழிக்கும் பணத்தில் கால்வாசியை இங்கே போட்டால் மாலை நேரத்து வீடு அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

சோபாவில் உட்காருபவருக்கு, கூட்டின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 40 முதல் 42 அங்குலம். அப்போது பல்பு தெரியாது, மடியில் உள்ள புத்தகத்தில் ஒளி விழும். தரையிலோ திண்டிலோ உட்காரும் வீடானால் 28 முதல் 30 அங்குலமாக இறக்குங்கள். கடையில் நின்றுகொண்டு பார்த்து வாங்குவதால் உயரம் தவறுகிறது. உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டும். ஒரு ஹாலுக்கு ஒன்று வைத்தால் மூலையில் தனியாக நிற்கும். மூன்றை முக்கோணமாக வையுங்கள்: சோபாவுக்குப் பக்கத்தில் ஒன்று, எதிர்மூலையில் ஒன்று, டி.வி அலமாரியின் ஓரத்தில் சிறியதாக ஒன்று. 2,700 அல்லது 3,000 கெல்வின்.

கூட்டுக்கு எந்தப் பொருள்? கைத்தறிப் பருத்தி மென்மையாக ஒளியைப் பரப்பும். உள்பக்கம் வெள்ளைத் துணி இருக்க வேண்டும். பிரம்பும் மூங்கிலும் சுவரில் கோலமாக நிழல் போடும். ஒரு அறைக்கு ஒன்றுக்கு மேல் போனால் கண் அலையும். காகிதக் கூட்டின் அழகுக்கு ஈடில்லை. இசாமு நொகுச்சி 1951-ல் ஜப்பானின் கிஃபு நகரத்து லாந்தர்களைப் பார்த்துத் தொடங்கிய அகாரி விளக்குகள், மூங்கில் சட்டமும் வாஷி காகிதமுமாக இன்றும் கையால் செய்யப்படுகின்றன. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி, ஆரோவில் கடைகளில் கையால் செய்த காகிதக் கூடுகள் கிடைக்கும். ஆனால் கடலோர ஊரின் ஈரப்பதத்தில் காகிதம் தளரும், பூஞ்சைப் புள்ளி வரும். ஈரம் ஊறும் சுவரை ஒட்டி வைக்காமல் அரையடி தள்ளி வையுங்கள். ஈரத்துணி படக்கூடாது, மென்தூரிகையால் மட்டும் தூசி தட்டுங்கள்.

மறைமுகச் செலவு பாயிண்டில் இருக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் வரும்; வீடு துடைக்கும் தண்ணீரும் அதே தரையில் வரும். இன்னொன்று: கைவினைக் கடைகளின் பித்தளை விளக்குகள் பல இரண்டு பின் பிளக்கோடுதான் வருகின்றன. உலோக உடம்புக்கு எர்த் கட்டாயம் வேண்டும். வாங்கிய கையோடு மூன்று கோர் ஒயரும் மூன்று பின் பிளக்கும் போட்டு, எர்த் ஒயரை உடம்போடு இணைக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான், தள்ளிப்போடாதீர்கள்.

## யாருக்கு எது

வாடகை வீடா? இருக்கும் டியூப்லைட் பட்டியை 4,000 கெல்வினுக்கு மாற்றி, பழையதை எடுத்து வையுங்கள். மூன்று விளக்கு வாங்குங்கள். காலி செய்யும்போது எல்லாம் உங்களோடு வரும்.

சொந்தமாகக் கட்டுகிறீர்கள், பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றாலும் இதே சேர்க்கைதான். கூடவே சுவரில் மூன்று பிளக் பாயிண்ட். படிக்கிற பிள்ளைகளும் பார்வை மங்கிய பெரியவர்களும் உள்ள வீட்டில் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு வெறும் கோவ் ஒளியில் இருப்பது சரிப்படாது. தாத்தாவுக்கு மாத்திரை அட்டையின் எழுத்து தெரிய வேண்டும். பவர்கட் அடிக்கடி வரும் ஊரானால் இன்வெர்ட்டர் லைனில் ஒரு பட்டியும் ஒரு மேஜை விளக்கும் மட்டும் போதும். கோவ் ஸ்ட்ரிப்பை அதில் சேர்க்க வேண்டாம்.

உயரமும் பணமும் பராமரிக்க ஆளும் இருப்பவர்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டாலும், டவுன்லைட்டுக்கு ஒரு ஸ்விட்ச், ஸ்ட்ரிப்புக்கு ஒரு ஸ்விட்ச் எனப் பிரித்துவிடுங்கள். எல்லாம் ஒரே ஸ்விட்சில் என்றால் தினமும் 105 வாட்டும் எரியும்.

## எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை

- பக்கவாட்டுச் சுவர் இரண்டிலும் ஏழரை அடி உயரத்தில் பட்டிக்கு ஒரு பாயிண்ட்.
- சோபா வரக்கூடிய இரு மூலையிலும், டி.வி சுவரிலும் தரையிலிருந்து ஒரு அடியில் 6 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட். மூலை இரண்டின் ஸ்விட்சும் வாசல் பக்கத்து போர்டில். உள்ளே நுழைந்ததும் ஒரே தட்டில் விளக்கு எரிந்தால்தான் தினமும் பயன்படுத்துவீர்கள். குனிந்து போட வேண்டிய விளக்கு ஷோபீஸாகிவிடும்.
- லைட் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், எர்த்தோடு.
- மங்கலாக்க டிம்மர் வேண்டுமென்றால் எல்.இ.டி டிம்மர்; ஃபேன் ரெகுலேட்டரைப் போடக் கூடாது. பல்பும் டிம் ஆகும் வகையாக இருக்க வேண்டும், சாதாரண எல்.இ.டி துடிக்கும் அல்லது முனகும்.

## கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியில் லூமென், கெல்வின், சி.ஆர்.ஐ மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும், பி.ஐ.எஸ் முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும். விளக்கை எரியவிட்டு ஃபோன் கேமராவைக் கிட்டத்தில் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால் ஒளி துடிக்கிறது, டிரைவர் மட்டம். அரக்கு நிறத் துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல்பின் கீழே பிடித்துப் பாருங்கள். சி.ஆர்.ஐ 80-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

மாட்டிய பிறகு, அணைத்த பல்பு இரவில் மினுக்மினுக்கென்று மங்கலாக எரிந்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். ஸ்விட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசியும் மின்சாரமாக இருக்கலாம். அல்லது ஸ்விட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டும்படி ஒயரிங் செய்திருக்கலாம். இரண்டாவது ஆபத்து: பல்பு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்விட்சுக்கு ஃபேஸ் ஒயரை மாற்றிய பிறகே பல்பைக் கழற்றுங்கள். அதுவரை மெயினை அணைக்காமல் கை வைக்க வேண்டாம்.